அறுபதுக்குப் பின் எடை தூக்கலாமா?

"இந்த வயதில் அப்பா எடை தூக்கலாமா, டாக்டர்?"

புறநோயாளிகள் பிரிவில் இக்கேள்வியை முதியவரைவிட, அவருடன் வரும் மகனோ மகளோதான் அதிகம் கேட்கிறார்கள். கேட்கும் குரலிலேயே 'கூடாது' என்ற விடையும் அடங்கியிருக்கும். குடத்தைத் தூக்காதீர்கள், படி ஏறாதீர்கள், குனியாதீர்கள், ஓரிடத்தில் உட்காருங்கள் என்று அன்பின் மிகுதியால் நாம் பெரியவர்களுக்கு விதிக்கும் தடைகள் பல.

மருத்துவம் இன்று தரும் விடை வேறு. எடை தூக்கலாம், பெரும்பாலோர் தூக்கவே வேண்டும். எதை, எவ்வளவு, எத்தனை நிதானமாக என்பதில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன. வயதானவருக்குப் பயிற்சியால் நேர்ந்த காயத்தின் கதையைப் பொறுமையாகக் கேட்டால், எடையைவிட அவசரமே அங்கு குற்றவாளியாக இருப்பதைப் பல வேளைகளில் காணலாம்.

இருவரை எண்ணிப் பாருங்கள். முதலாமவருக்கு வயது 68. நிமோனியாவுக்காகப் பத்து நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். வீடு திரும்பியதும் குடும்பத்தார் அவரைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. ஒரு மாதம் கழிந்தது. கழிவறையில் எழ முயன்றபோது கால்கள் தாங்கவில்லை. சரிந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டாமவருக்கு வயது 61. ஓய்வு பெற்ற மறுவாரமே உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். பக்கத்தில் நின்ற இளைஞரைப் பார்த்து மூன்றாம் வாரமே தலைக்கு மேல் கனமான எடையை உயர்த்தினார். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. 'எனக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று பயிற்சியையே கைவிட்டார்.

இவர்கள் குறிப்பிட்ட இரு மனிதர்கள் அல்லர். எலும்பு மூட்டுச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரின் இரு வகையினர். ஒருவர் பயன்படுத்தாமையால் கெட்டார். மற்றவர் அவசரத்தால் கெட்டார். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதைப் பற்றியது இக்கட்டுரை.

ஓய்வு எடுத்துக்கொள்ளும் கட்டணம்

நடுத்தர வயதிலிருந்தே தசையின் அளவு மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதைக் கடந்தபின் இந்த இழப்பு விரைவுபெறும். வலிமையோ தசையின் அளவைவிட வேகமாகக் குறைகிறது. இந்நிலைக்கு 'சார்கோபீனியா' என்னும் பெயரை 1989ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் முன்மொழிந்தார். சதை, இழப்பு என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

தசை இழைகளில் மெதுவாக, நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை. சட்டெனச் சுருங்குபவை மற்றொரு வகை. முதுமையில் அதிகம் சிறுத்துப்போவது இரண்டாம் வகையே. கால் இடறும்போது உடனே அடுத்த காலை முன்வைத்து உடலைத் தாங்கிக்கொள்ள உதவுவதும் அதுவே. முன்பெல்லாம் இடறினால் சமாளித்துக்கொண்டவர் இப்போது விழுந்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படுக்கை ஓய்வு இந்த இழப்பைப் பன்மடங்கு விரைவுபடுத்துகிறது. 2007ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சராசரி வயது 67 கொண்ட, நோயேதுமற்ற முதியவர்கள் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கவைக்கப்பட்டனர். பத்தே நாட்களில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசு கரைந்திருந்தது. நலமாக இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, மருத்துவர் குறிப்பிட்டுச் சொன்னாலன்றி, 'முழு ஓய்வு' என்பதைப் பாதுகாப்பு என்று கருதிவிடக் கூடாது. ஓய்வுக்கும் ஒரு கட்டணம் உண்டு. அதைச் செலுத்துபவை கால்கள்.

தொண்ணூறு வயதிலும் தசை கற்றுக்கொள்ளும்

'இனிமேல் என்ன வலிமை வரப்போகிறது?' என்று கேட்போருக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி அளித்தனர். 1990இல் வெளியான அதன் முடிவுப்படி, பயிற்சியை நிறைவுசெய்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. பயிற்சி பெறும் முன் அவர்கள் மிகவும் நலிந்திருந்தனர் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்குபவரின் ஏற்றம் பெரிதாகவே தெரியும்.

அதே குழுவினர் 1994இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், சராசரி வயது 87 கொண்ட 100 பேர் பங்குபெற்றனர். பத்து வாரப் பயிற்சி பெற்றோரின் வலிமை இருமடங்குக்கு மேல் பெருகியது. நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. பயிற்சியின்றிச் சத்துணவுப் பானம் மட்டும் பெற்றவர்களுக்கு அத்தகைய பலன் கிட்டவில்லை. உழைக்கும் தசைக்குத்தான் உணவு உரமாகிறது.

பயிற்சி காயத்தைத் தடுக்கவும் செய்கிறது. வீட்டில் வாழும் முதியோரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சி கீழே விழும் நிகழ்வுகளை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டது. சமநிலைப் பயிற்சியும் வலிமைப் பயிற்சியும் இணைந்தபோது பலன் நன்றாக இருந்தது. 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசை வலிமைப் பயிற்சியும், மூன்று நாட்களேனும் சமநிலையும் வலிமையும் கலந்த பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

காயம் எங்கிருந்து வருகிறது?

தசை விரைவில் பழகிக்கொள்ளும். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே வலிமை கூடியதை உணரலாம். இந்த முதல் வளர்ச்சியின் பெரும்பகுதி நரம்புகளால் வருவது; தசையை இன்னும் திறமையாக ஏவ அவை கற்றுக்கொள்கின்றன. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகவே உறுதிபெறும். அதற்குப் பல வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். எலும்பு இன்னும் மெதுவானது. வயது கூடக்கூட இந்தத் தாமதமும் கூடுகிறது.

ஆகவே மூன்றாம் வாரத்தில் 'இன்னும் தூக்கலாம்' என்று தசை சொல்லும். தசைநாண் இன்னும் ஆயத்தமாகியிருக்காது. தோள், முழங்கை, முழங்காலின் முன்புறம், குதிகாலின் பின்புறம் ஆகிய இடங்களில் வலி தலைகாட்டுவது இக்கட்டத்தில்தான். முன்சொன்ன 61 வயதுக்காரர் தவறியது இந்த இடத்திலேயே.

காயத்துக்கு இட்டுச்செல்லும் வேறு சில வழிகளும் உண்டு. இளமையில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவர், கர்லாக்கட்டை சுழற்றியவர், நாற்பது ஆண்டு இடைவெளிக்குப்பின் அதே எண்ணிக்கையில் தொடங்குவது ஒன்று. உடல் மறந்துவிட்டதை மனம் மறப்பதில்லை. வாரம் முழுதும் அசையாதிருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நிரம்பிய சமையல் எரிவாயு உருளையைத் தூக்குவது மற்றொன்று. 14.2 கிலோ எரிவாயுவுடன் உருளையின் சொந்த எடையும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ ஆகிறது. காய்ச்சலில் இரு வாரம் விட்டுப்போன பயிற்சியை விட்ட இடத்திலிருந்தே தொடர்வது மூன்றாவது. அவ்வாறு நேர்ந்தால் முந்தைய அளவில் பாதியிலிருந்து தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் பழைய நிலையை எட்டுவதே முறை.

'தேய்மானம்' என்ற சொல் செய்யும் தீங்கு

முழங்கால் மூட்டுவாதத்தை 'மூட்டுத் தேய்மானம்' என்கிறோம். எலும்பு அடர்த்தி குறைவதையும் 'எலும்புத் தேய்மானம்' என்றே பலர் சொல்கிறார்கள். தேய்மானம் என்றதும் மனத்தில் தோன்றுவது செருப்பு. பயன்படுத்தினால் மேலும் தேயும், பயன்படுத்தாவிட்டால் மிஞ்சும். உடல் அப்படிப்பட்ட பொருள் அன்று.

முழங்கால் மூட்டுவாதத்தில் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி சிகிச்சையின் அடிப்படைகளுள் ஒன்று. தொடைத் தசை உறுதிப்பட்டால் நடப்பதும் படியேறுவதும் எளிதாகும். பலருக்கு வலியும் குறையும். ஆழக் குந்துவதால் வலி வருமானால் உயரமான இருக்கையிலிருந்து எழுந்து பழகலாம். பயிற்சியை விடவேண்டியதில்லை, வலி தராத அளவுக்கு அதைச் சுருக்கிக்கொண்டாலே போதும்.

எலும்புப்புரை என்னும் ஆஸ்டியோபோரோசிஸ் வேறு நோய். இங்கு எலும்புக்கு வலுவூட்ட ஒரு சுமை வேண்டும். ஆனால் எந்த அசைவு என்பதில் மிகுந்த கவனமும் வேண்டும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்து 1984இல் வெளியான ஆய்வு, முதுகெலும்பில் இந்நோய் கண்ட, மாதவிடாய் நின்ற 59 பெண்களை ஆராய்ந்தது. முதுகை முன்னோக்கி வளைக்கும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசிவு ஏற்பட்டது. முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளைச் செய்தவர்களில் அது 16 விழுக்காடு மட்டுமே. சிறிய ஆய்வுதான் எனினும் அதன் படிப்பினை இன்றும் பின்பற்றப்படுகிறது. எலும்புப்புரை உள்ளவர்கள் மல்லாந்து படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி, நின்றபடி குனிந்து கால்விரலைத் தொடுதல், சுமையோடு இடுப்பைத் திருகுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். யோகாசனம் செய்வோரும் முன்குனியும் ஆசனங்களைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இதன் மறுபக்கத்தை ஆஸ்திரேலியாவில் நடந்த 'லிஃப்ட்மோர்' ஆய்வு காட்டியது. 2018இல் முடிவு வெளியான அந்த ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள் பங்கேற்றனர். பயிற்சிக் குழுவினர் வாரம் இருமுறை, அரைமணி நேரம், நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கினர். எட்டு மாதங்களில் அவர்களுடைய கீழ்முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 விழுக்காடு கூடியது. இலேசான பயிற்சியை வீட்டிலேயே செய்த மற்றக் குழுவினருக்கு அது 1.2 விழுக்காடு குறைந்தது. கனமான எடையையும் பாதுகாப்பாகத் தூக்கலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் அவர்கள் முதலில் இலேசான சுமையில் அசைவுகளைக் கற்று, ஒவ்வோர் அசைவும் கண்காணிக்கப்பட்டு, பின்னரே கனத்துக்குச் சென்றார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தனியே முயலக் கூடாது.

தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், அண்மைக் கால மாரடைப்பு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், குடலிறக்கம், சமீபத்திய எலும்புமுறிவு ஆகியவை இருந்தால் மருத்துவரின் அனுமதியின்றித் தொடங்க வேண்டாம். இதய அறுவை செய்துகொண்டவர்களுக்கு மார்பெலும்பு கூடும் வரை கைகளால் சுமை தூக்கத் தடை உண்டு. கண்புரை அறுவைக்குப் பிறகும் சில காலம் அவ்வாறே. தடை எப்போது நீங்கும் என்பதை அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவால் விழித்திரையில் புதிய இரத்தக்குழாய்கள் தோன்றியவர்கள் மூச்சடக்கி முக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

உட்கொள்ளும் மாத்திரைகளும் முக்கியம்.

• சிப்ரோஃப்ளாக்ஸாசின், லெவோஃப்ளாக்ஸாசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அரிதாகத் தசைநாணைப் பாதித்து அறுந்துபோகவும் செய்யும். அறுபதைக் கடந்தோருக்கும் ஸ்டீராய்டு எடுப்போருக்கும் இந்த அபாயம் கூடுதல். அம்மருந்து எடுக்கும்போது குதிகாலின் பின்புறத்திலோ தோளிலோ வலி தோன்றினால் பயிற்சியை நிறுத்தி, உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

• அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவை இதயத்துடிப்பு உயர்வதைத் தடுக்கும். ஆகவே நாடித்துடிப்பை வைத்து உழைப்பை அளக்க இயலாது. பேச முடிகிறதா என்பதைக் கொண்டு அளவிடுங்கள்.

• இன்சுலினும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் எடுப்போருக்குப் பயிற்சியின்போதோ சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை தாழக்கூடும். வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். சர்க்கரையோ குளுக்கோஸோ அருகில் இருக்கட்டும்.

• இரத்த அழுத்த மாத்திரைகளும் புராஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகளும் எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தரலாம். எழுந்ததும் சில வினாடிகள் நின்று, பிறகு அசையுங்கள்.

• கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்போருக்கு, பயிற்சிக்குத் தொடர்பில்லாத தசைவலி நீடித்தால் தெரிவிக்க வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

உங்கள் நிலையை நீங்களே அறியலாம்

கைப்பிடியில்லாத, சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 வினாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அருகில் ஒருவர் நிற்பது நல்லது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, பின்வரும் எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் விழும் அபாயம் கூடுதல் எனக் கொள்ளலாம்.

60–64 வயது: ஆண் 14, பெண் 12
65–69 வயது: ஆண் 12, பெண் 11
70–74 வயது: ஆண் 12, பெண் 10
75–79 வயது: ஆண் 11, பெண் 10
80–84 வயது: ஆண் 10, பெண் 9

எண்ணிக்கை குறைவாக இருந்தால் அச்சம் வேண்டாம். அதை ஒரு தாளில் தேதியுடன் குறித்துவைத்து, எட்டு வாரங்களுக்குப்பின் மீண்டும் எண்ணிப் பாருங்கள். கைகளை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ இயலாதவர், கடந்த ஓராண்டில் இருமுறை விழுந்தவர் ஆகியோர் இயன்முறை மருத்துவரின் நேரடி வழிகாட்டுதலோடுதான் தொடங்க வேண்டும்.

பன்னிரண்டு வாரப் படிக்கட்டு

வாரத்தில் இரண்டு நாட்கள் போதும்; இரண்டு நாட்களுக்கும் இடையே குறைந்தது 48 மணி நேரம் இருக்கட்டும். முதலில் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து உடலைச் சூடேற்றுங்கள். பிறகு இந்த ஆறு பயிற்சிகள்:

1. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். உட்காரும்போது 'ஒன்று, இரண்டு, மூன்று' என எண்ணியபடி மெல்ல இறங்குங்கள்; தொப்பென்று விழாதீர்கள். கடினமாயிருந்தால் இருக்கைமீது கெட்டியான மெத்தைத் துண்டு வைத்து உயர்த்துங்கள்.

2. சுவர்த் தண்டால். சுவரில் மார்பு உயரத்தில் கைகளை ஊன்றி, உடலை நேராக வைத்து, முழங்கையை மடக்கி நீட்டுங்கள்.

3. இழுத்தல். உறுதியான சன்னல் கம்பியில் மாட்டிய எலாஸ்டிக் பட்டையை இடுப்பை நோக்கி இழுங்கள். பட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

4. குதிகால் உயர்த்தல். சமையல் மேடையைப் பிடித்தபடி இரு குதிகால்களையும் உயர்த்தி மெல்ல இறக்குங்கள்.

5. சுமந்து நடத்தல். இரு கைகளிலும் சம எடையுள்ள பைகளுடன் நிமிர்ந்து நடங்கள்.

6. சமநிலை. மேடையருகே ஒரு பாதத்துக்கு முன் மற்றொரு பாதத்தை ஒரே கோட்டில் வைத்து 10 வினாடிகள் நில்லுங்கள். பிறகு பாதங்களை மாற்றுங்கள். இதை மட்டும் தினமும் செய்யலாம்.

முதல் நான்கு வாரம் கற்கும் காலம். கூடுதல் எடை வேண்டாம். ஒவ்வொன்றையும் 8 முதல் 10 முறை ஒரு சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு சுற்று. சுமந்து நடக்கும் பைகளில் அரைக் கிலோ போதும். 'இது மிக எளிதாக இருக்கிறதே' என்று தோன்றலாம். அவ்வாறு தோன்றுவதே நோக்கம். தசைநாணுக்கு நாம் கொடுக்கும் அவகாசம் அது.

ஐந்து முதல் எட்டாம் வாரம் வரை சிறு சுமை சேருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. ஒரு கிலோ உப்புப் பொட்டலமும் அவ்வாறே உதவும். துணிப்பையில் இட்டு மார்போடு அணைத்தபடி நாற்காலியிலிருந்து எழலாம்.

ஒன்பதாம் வாரம் முதல் முன்னேறும் விதி இது: ஒரு சுமையுடன் 12 முறை நல்ல முறையில் செய்ய முடிவது, அடுத்தடுத்த இரு பயிற்சி நாட்களிலும் உறுதியானால் சுமையைச் சற்றே கூட்டுங்கள், எண்ணிக்கையை எட்டுக்குக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கூட்டுங்கள். எடையையும் சுற்றையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம்.

எவ்வளவு கடினம் சரியானது?

ஒரு சுற்று முடியும்போது, 'இன்னும் இரண்டு மூன்று முறை செய்திருக்கலாம்' என்ற நிலையில் நிறுத்துங்கள். பத்துக்கு மேல் செய்யும் தெம்பு மிஞ்சியிருந்தால் சுமை போதவில்லை; கடைசி முறையில் உடல் கோணினால் சுமை மிகுதி.

மூச்சை அடக்காதீர்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். 1985இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், பழகிய உடற்கட்டுப் பயிற்சியாளர்கள் இரு கால்களாலும் மிகுந்த எடையைத் தள்ளியபோது இரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை உயர்ந்தது. கடும் எடையும் மூச்சடக்கலும் சேர்ந்தால் அழுத்தம் இவ்வாறு பாயும். நடுத்தரச் சுமையும் சீரான மூச்சும் அதைத் தவிர்க்கும். சத்தமாக எண்ணியபடி செய்தால் மூச்சு தானாகவே அடங்காமல் இருக்கும்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசையில் பரவலாகத் தோன்றி, இரண்டு மூன்று நாட்களில் அடங்கும் வலி இயல்பானது. மூட்டுக்குள் அல்லது விரலால் சுட்டிக் காட்டத்தக்க ஓரிடத்தில் சுருக்கெனத் தைக்கும் வலி எச்சரிக்கை. மூட்டுவாதம் உள்ளவர்கள், பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்னிலும் கூடுதலாக இருந்தால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும்.

தட்டில் இருக்க வேண்டியது

முதியோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று 2013இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம். ஓர் இட்லியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராமே. இரவு மூன்று இட்லியோடு முடித்துக்கொள்ளும் பெரியவருக்கு அந்த வேளையில் கிடைப்பது மிகச் சிறிது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 6 முதல் 7 கிராம், 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம் உண்டு. சுண்டல், தயிர், மீன், கோழி ஆகியவற்றையும் மூன்று வேளைக்கும் பகிர்ந்து சேர்க்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் குறித்த அளவை மீறக் கூடாது.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

பெரியவர் தாமாகச் செய்யக்கூடியதை நாம் செய்துவிடுவது உதவியாகாது. அம்மா நாற்காலியிலிருந்து எழும்போது கையைப் பிடித்துத் தூக்காமல், அருகில் நின்று, "நிதானமாக எழுந்திருங்கள் அம்மா, நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அன்றாடம் அவர் எழும் ஒவ்வொரு முறையும் ஒரு பயிற்சியே. ஆதரவு தேவைப்பட்டால் வலுக்குறைந்த பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்குங்கள். பக்கவாதத்தால் தளர்ந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக் கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும்.

பயிற்சி செய்யும் இடத்தில் ஈரமும் மிதியடியும் மின்கம்பியும் வேண்டாம். வேட்டியோ சேலையோ காலில் சிக்காதபடி உயர்த்திக் கட்டட்டும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு செய்யாமல், பிடிப்புள்ள காலணி அணிந்து, முடிந்ததும் பாதத்தைப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுக்கையிலிருக்கும் கணவரைப் புரட்டி, தூக்கி, குளிப்பாட்டும் மனைவிக்கும் பெரும்பாலும் வயது அறுபதை நெருங்கியிருக்கும். அவருடைய முதுகைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நோயாளியை நகர்த்தும்போது உடலை அவரோடு ஒட்டி நின்று, முழங்காலை மடக்கி, முதுகைத் திருகாமல், பாதத்தைத் திருப்பி நகருங்கள். தனியாகத் தூக்க முயலாதீர்கள். விரிப்பின் உதவியோடு இருவராக நகர்த்தும் முறையைச் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மேற்சொன்ன ஆறு பயிற்சிகளும் நோயாளிக்கு மட்டும் உரியவை அல்ல; பராமரிப்பவரும் உடன் நின்று செய்யலாம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், குளிர்வியர்வை, கண் இருளுதல், பேச்சுக் குழறல், ஒருபக்கம் தளர்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நிறுத்தி 108 அவசர ஊர்தியை அழையுங்கள். 'டப்' என்ற ஓசையுடன் தோன்றிய வலி, திடீர் முதுகுவலி, மூட்டு வீக்கம் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரைக் காணுங்கள். இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

முதுமையில் வலிமை என்பது எவ்வளவு தூக்குகிறோம் என்பதில் இல்லை. யாருடைய கையையும் பற்றாமல் கழிவறையிலிருந்து எழுவது, பேருந்தின் முதல் படியில் கால் வைப்பது, பேரக் குழந்தையைத் தூக்கி மடியில் இருத்துவது ஆகியவையே அதன் அளவுகோல்கள். இன்று மாலை ஒரு நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது எடுத்து வாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.